உழைப்புக்கும் ஒரு விலைப்பலகை வையுங்கள்

தமிழ்நாடு அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கும், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கும்

வணக்கம்.

திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியராக இருக்கிறேன். சென்ற ஆண்டு பொதுத்தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, பாடம் முடிந்து மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் "எதுவானாலும் கேளுங்க" என்றேன். எந்தப் பாடத்திலிருந்து ஐந்து மதிப்பெண் கேள்வி வரும் என்றுதான் வழக்கமாகக் கேட்பார்கள். அன்று ஒரு மாணவி எழுந்து, "பி.காம். முடிச்சா கையில எவ்வளவுங்க சார் வரும்?" என்றாள். பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பதிலும் வரவில்லை. "அது அவங்கவங்க திறமையைப் பொறுத்தது" என்றேன். பதில் தெரியாத ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வது அது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அதாவது தைத்த துணியில் குறை பார்க்கும் வேலை, பார்க்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் கையில் எவ்வளவு வரும் என்று தெரியாமல் அந்த வீட்டில் ஒரு வாரமும் நகர்ந்திருக்காது. நான் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு அவளால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அந்த ஞாயிறு உழவர் சந்தைக்குப் போயிருந்தேன். வாசலில் வழக்கம்போல் பலகை. கத்திரிக்காய் என்ன விலை, தக்காளி முதல் ரகம் என்ன, இரண்டாம் ரகம் என்ன என்று சுண்ணாம்புக் கட்டியில் எழுதியிருந்தார்கள். 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை திறந்த காலத்திலிருந்து இந்தப் பலகை இருக்கிறது. நாமக்கல்லில் முட்டை விலையைத் தினமும் பைசா சுத்தமாக அறிவிக்கிறார்கள். தங்கம் கிராமுக்கு எத்தனை ரூபாய் ஏறியது, இறங்கியது என்று காலையிலும் மாலையிலும் செய்தி வருகிறது. பதினேழு வயதுப் பிள்ளை அடுத்த நாற்பது வருடத்துக்குத் தன் உழைப்பை விற்கக் கிளம்புகிறது. அதற்கு மட்டும் எங்கும் பலகை இல்லை. என் கோரிக்கை இந்தப் பலகைதான். அது ஏன் வேண்டும், அதில் என்ன எழுத வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். தங்கள் தெருவில் குடியிருக்கும், சம்பாதிக்கிற ஒருவரிடம் நான்கு கேள்வி கேட்டு வர வேண்டும். கையில் எவ்வளவு வருகிறது, மாதத்தில் எத்தனை நாள் வேலை, வருடத்தில் எத்தனை மாதம், இந்த வேலைக்கு வந்து எத்தனை வருடம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருவர், "ஆம்பளகிட்ட சம்பளத்தையும் பொம்பளகிட்ட வயசையும் கேக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களே சார்" என்று சிரித்துக்கொண்டே எச்சரித்தார். கேட்காமலே இருப்பதால் லாபம் யாருக்கு என்று நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். ஒரே மேசையில் ஒரே வேலை செய்யும் இரண்டு பேர் தங்கள் சம்பளத்தைப் பேசிக்கொள்ளாவிட்டால் நிம்மதி முதலாளிக்குத்தான்.

பிள்ளைகள் கொண்டுவந்ததைக் கரும்பலகையில் எழுதினோம். வகுப்பு முழுக்க வாய்பிளந்தது ஓர் இடத்தில்தான். ஒரு பையனின் மாமா கொத்தனார். நாளைக்கு 1,100 ரூபாய். இன்னொருத்தியின் பக்கத்து வீட்டு அக்கா எம்.ஃபில். முடித்து ஒரு சுயநிதிக் கல்லூரியில் விரிவுரையாளர். மாதம் 18 ஆயிரம். "அப்ப எதுக்கு சார் படிக்கணும்?" என்று கடைசி பெஞ்சு உடனே தீர்ப்பு எழுதிவிட்டது. மற்ற மூன்று கேள்விகளின் விடைகளையும் பார்க்கச் சொன்னேன். கொத்தனாருக்கு மாதத்தில் பதினெட்டு, இருபது நாள்தான் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் குறையும். இடுப்பு வலி வந்து இரண்டு மாதம் படுத்திருந்தார். அந்த இரண்டு மாதத்துக்கும் பைசா கிடையாது. ஐம்பது வயதுக்குமேல் சாரத்தில் ஏற முடியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். விரிவுரையாளருக்கு வேறு கதை. பல கல்லூரிகளில் மே மாதச் சம்பளம் கிடையாது. ஐந்து வருடத்தில் சம்பளம் ஏறியது இரண்டாயிரம் ரூபாய். ஆனால் ஒருநாள் நெட், செட் தகுதித் தேர்வுகளை முடித்து அரசுக் கல்லூரியில் நிரந்தரப் பணி கிடைத்தால் உதவிப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் மட்டும் 57,700. அந்த நம்பிக்கைக்காகத்தான் 18 ஆயிரத்தில் காத்திருக்கிறார். இரண்டு வேலைகளையும் ஒரே ஒரு எண்ணால் ஒப்பிட முடியாது என்பதைப் பிள்ளைகள் அன்று புரிந்துகொண்டார்கள். நானும்தான்.

கொத்தனாரின் எண்ணிலும் இன்னொரு கிளை உண்டு. கேரள எல்லையிலுள்ள வாளையாறு தாண்டினால் அதே கரண்டிக்கு, அதே கலவைக்குக் கூலி மாறிவிடும். ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2021-22இல் கேரளக் கிராமப்புறத்தில் கட்டடத் தொழிலாளியின் நாள்கூலி சராசரியாக 837 ரூபாய். இந்தியா முழுவதற்குமான சராசரி 373. வேலை ஒன்றுதான், இரண்டு மடங்குக்கும்மேல் வித்தியாசம்.

இந்த எண்ணெல்லாம் எப்படித் தெரிகிறது? ஒன்றிய அரசின் தொழிலாளர் பணியகம் கிராமப்புறக் கூலியை மாதந்தோறும் திரட்டுகிறது. உழவு, நடவு, அறுவடையிலிருந்து கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், டிராக்டர் ஓட்டுநர்வரை 25 வேலைகள். உங்கள் துறையே விவசாயக் கூலியைப் பல்லாண்டாகக் கணக்கெடுத்துவருகிறது. ஆக, நாள்கூலிக்கு அளவுகோல் இருக்கிறது. என் மாணவர்கள் போய்ச் சேரும் வேலைகளுக்குத்தான் இல்லை: ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. பதிவு செய்பவர், தனியார் மருத்துவமனை நர்ஸ், லேப் டெக்னீஷியன், மெட்ரிக் பள்ளி ஆசிரியை, ஜவுளிக்கடை விற்பனையாளர், ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிறவர். படித்தவர்களின் சம்பளம்தான் நம் ஊரில் பெரிய ரகசியம்.

அந்த ரகசியத்தின் இடத்தில் இப்போது இருப்பது கல்லூரி விளம்பரங்கள். பேருந்து நிலையத்தின் எதிரே தட்டியில் ஒரு மாணவனின் முகமும் "ஆண்டுக்கு 50 லட்சம்" என்ற எழுத்தும். பிள்ளைகளிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஐம்பது பேருக்கு வேலை கிடைக்கிறது. 49 பேருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம், ஒருவனுக்கு 50 லட்சம். கூட்டுச் சராசரி என்ன? 4 லட்சத்து 43 ஆயிரம். அந்தச் சம்பளத்தை வாங்குகிறவர் அந்த ஐம்பது பேரில் ஒருவர்கூட இல்லை. சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால், அதாவது இடைநிலை அளவு எடுத்தால், மூன்றரை லட்சம், அதுதான் உண்மை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றையும் நடத்திவிடுகிறோம். தட்டி வைக்கிறவர்களுக்கு மட்டும் முதலாவது மட்டுமே ஞாபகம் இருக்கிறது. அவர்களோடு படித்து வேலை கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள் என்பது தனி.

மூன்றரை லட்சமும் கைக்கு வருவதில்லை. 'சி.டி.சி.', அதாவது ஒரு பணியாளருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, என்ற சொல்லை இன்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்கிறது, பிரித்துப் பார்க்கத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. ஆண்டுக்கு 3.36 லட்சம் என்றால் மாதம் 28 ஆயிரம் என்று வீட்டில் இனிப்பு கொடுத்துவிடுகிறார்கள். அந்த 28 ஆயிரத்துக்குள் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. பணியாளர் பங்கும் அதிலிருந்தே பிடிக்கப்படும். அடிப்படை 15 ஆயிரம் என்று வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 1,800. ஐந்து வருடம் இருந்தால் கிடைக்கும் என்று பணிக்கொடையையும் அதில் சேர்த்திருப்பார்கள். மருத்துவக் காப்பீட்டுத் தொகை இருக்கும். 'நன்றாக வேலை செய்தால்' வரும் ஒரு பகுதியும் இருக்கும். கடைசியில் கைக்கு வருவது 22 ஆயிரத்தைச் சுற்றி. சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துவிட்டு ஊருக்கு அனுப்ப எவ்வளவு மிஞ்சும் என்று அந்தத் தட்டியைப் பார்த்துக் கடன் வாங்கிய அப்பாவுக்குத் தெரிய வேண்டாமா? பெரிய ஐ.டி. நிறுவனங்களின் அடிமட்டத் தொடக்கச் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக மூன்றுக்கும் நாலுக்கும் நடுவிலேயே நிற்கிறது. இதற்கிடையில் கல்லூரிக் கட்டணம் அப்படி நின்றுவிடவில்லை.

2024 ஆகஸ்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஐ.டி. நிறுவனம் ஆண்டுக்கு 2.52 லட்சத்துக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்து, சமூக ஊடகங்களில் நாள்கணக்கில் கேலி ஓடியது. பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கான சம்பளம் அது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. கேலி செய்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன், அடுத்த மாதம் வெளியான ஒன்றிய அரசின் தொழிலாளர் ஆய்வு அறிக்கை என் மேசைக்கு வரும்வரை. 2.52 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 21 ஆயிரம். 2023-24 ஆய்வில், இந்தியாவில் மாதச் சம்பளம் வாங்கும் எல்லோருக்குமான சராசரியே ஏறத்தாழ அந்த 21 ஆயிரம்தான். அனுபவம் இருப்பவர், இல்லாதவர், அதிகாரி, காவலாளி எல்லோரையும் சேர்த்த சராசரி. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு அது 13 ஆயிரத்துச் சொச்சம். அதிலும் பெண்களின் வருமானம் ஆண்களுடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. நாள்கூலிக்காரர்களுக்கு நாளைக்கு 400 ரூபாயை ஒட்டி. நாடே வாங்கும் சம்பளத்தைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். பலகை இல்லாத ஊரில் அப்படித்தான் நடக்கும். எல்லோருக்கும் தட்டியில் இருக்கும் முகம்தான் சராசரி மனிதன்.

ஒரே ஒரு முதலாளி மட்டும் தன் விலைப்பலகையைத் திறந்து வைத்திருக்கிறார்: அரசு. குரூப் 4 அறிவிப்பிலேயே இளநிலை உதவியாளருக்கு 19,500 – 71,900 என்று அச்சிட்டிருக்கும். எந்த நிலையில் சேர்ந்தால் எங்கே போய் முடியும், பஞ்சப்படி எப்போது ஏறும், எல்லாம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம். பணிப் பாதுகாப்பு, ஓய்வூதியம், மாப்பிள்ளைச் சந்தை மதிப்பு என்று காரணங்கள் சொல்வார்கள். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். பத்து வருடம் கழித்துத் தனக்கு எவ்வளவு வரும் என்று ஒரு பிள்ளையால் கணக்குப்போட முடிகிற வேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இருட்டில் கைவிட்டுத் துழாவுவது.

அரசின் பலகையிலும் சில வரிகள் மறைந்திருக்கின்றன, அதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அப்போது அடிப்படை ஊதியம் 8,370. அதற்கு மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பாடப்புத்தகம். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் எத்தனை முறை சென்னையில் போராடியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்கு 2024-25இல் மாதம் 25 ஆயிரம். பக்கத்து அறையில் அதே பாடம் எடுக்கும் நிரந்தரப் பணியாளரின் அடிப்படையே அதைப்போல் இரண்டு மடங்குக்கும்மேல். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பந்ததாரரிடம் போனால் 23 ஆயிரம் 16 ஆயிரமாகிவிடும் என்பது அவர்கள் பயம். துடைப்பம் அதேதான், தெருவும் அதேதான். எந்தத் தொழில் என்பதைவிட எந்த வாசல் வழியாக அதற்குள் போனோம் என்பதே பல வேலைகளில் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. வழிகாட்டிப் புத்தகத்தில் 'செவிலியர் – நல்ல எதிர்காலம் உண்டு' என்று ஒரு வரி போட்டால் இது பிள்ளைக்குத் தெரியாமலே போகும். உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த நிபுணர் குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது என்று 2016இலேயே பரிந்துரைத்தது. எங்கள் பிள்ளைகள் கொண்டுவந்த விடையில் நான்கு வருட அனுபவமுள்ள ஒரு நர்ஸின் சம்பளம் 14 ஆயிரம்.

இதெல்லாம் முடியாத காரியம் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் சுமார் 830 தொழில்களுக்கு ஆண்டுதோறும் சம்பள அட்டவணை வெளியிடுகிறது. இடைநிலை அளவோடு நிற்காமல், கீழ்த்தட்டுப் பத்து சதவீதத்தினர் எவ்வளவு வாங்குகிறார்கள், மேல்தட்டுப் பத்து சதவீதத்தினர் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதும் இருக்கும். அதை மாநிலவாரியாகவும் பிரித்துக்கொள்ளலாம். நம்மிடமும் தொழில் வகைப்பாடு இருக்கிறது. 2015ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். வீடுவீடாகப் போகும் தொழிலாளர் ஆய்விலும் ஆளுக்கு ஆள் அந்த வகைப்பாட்டின் தொழில் பிரிவும் வருமானமும் பதிவாகின்றன. 2025 ஜனவரியிலிருந்து அந்த ஆய்வு மாவட்டத்தை அடிப்படையாக வைத்து மாற்றியமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு மாவட்டத்தில் அகப்படும் லேப் டெக்னீஷியன்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பார்கள், அதை வைத்துப் பலகை எழுத முடியாது. ஆகவே நீங்கள் தனியாக ஓர் ஆய்வு எடுக்க வேண்டியிருக்கும். நூறு தொழில்களில் தொடங்கினால் போதும். எங்கள் பள்ளியிலிருந்து வெளியே போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த நூறுக்குள்ளேயே அடங்கிவிடுவார்கள்.

பலகையில் எண் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கைக்கு வரும் பணமாக இருக்கட்டும். இடைநிலை அளவும், அதற்குக் கீழே கால்பங்குப் பேர் எங்கே நிற்கிறார்கள், மேலே கால்பங்குப் பேர் எங்கே என்பதும் வேண்டும். சேரும்போது எவ்வளவு, ஐந்தாம் வருடம் எவ்வளவு, பதினைந்தாம் வருடம் எவ்வளவு என்று மூன்று கட்டம் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும், ஏனென்றால் ஐ.டி.யில் தொடக்கம் தாழ்வாக இருந்து சிலருக்கு எட்டு வருடத்தில் ஐந்து மடங்காகும். ஜவுளிக்கடையில் தொடக்கமும் முடிவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நிரந்தரம், ஒப்பந்தம் இரண்டையும் கலக்காதீர்கள். ஆண், பெண் தனித்தனியாக வேண்டும். எங்கள் ஊரில் தையல் வேலையான பவர் டேபிளுக்கும் செக்கிங்குக்கும் உள்ள கூலி வித்தியாசத்தை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஷிப்டையும் கவனியுங்கள். பனியன் கம்பெனியில் "நல்ல சம்பளம்" என்று சொல்பவர் பெரும்பாலும் ஒன்றரை ஷிப்டு, அதாவது பன்னிரண்டு மணி நேரம், பார்த்துவிட்டுச் சொல்கிறார். எட்டு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் முகம் வேறாகிவிடும். ஒவ்வொரு தொழிலுக்கும் பக்கத்தில், அங்கே போக எத்தனை வருடம் படிக்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதையும் போடுங்கள்.

பிள்ளைகளைக் காசின் பின்னால் ஓடவிடப் பார்க்கிறீர்களா என்று ஒரு நண்பர் கேட்டார். அவர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு. தமிழ் இலக்கியம் படிக்க ஆசைப்பட்ட ஒரு மாணவனை அவன் வீட்டில் கடன் வாங்கிப் பொறியியலில் சேர்த்தார்கள். நாலு வருடம் கழித்து, பி.ஏ. முடித்தவன் வாங்கியிருக்கக் கூடிய சம்பளத்துக்கே வேலைக்குப் போனான். பலகை இருந்திருந்தால் அவன் அப்பாவிடம் காட்டி வாதாட ஓர் எண்ணாவது கையில் இருந்திருக்கும். சம்பளம் குறைவு என்று தெரிந்தே ஒரு வேலைக்குப் போகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். நானே வங்கித் தேர்வில் தேறிய பிறகும் வாத்தியார் வேலைக்கு வந்தவன். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

தனியார் நிறுவனங்கள் உண்மையான எண்ணைத் தருமா என்று தயங்குவீர்கள். சில தராது. தொழிலாளியிடமே கேளுங்கள், ஊதியச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் டீக்கடையில் நில்லுங்கள். எங்கள் பிள்ளைகள் நான்கு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் கொண்டுவந்தது, தப்பும் தவறுமாக இருந்தாலும், நான் இத்தனை வருடம் சொல்லிவந்த "திறமையைப் பொறுத்தது" என்பதைவிட உபயோகமாக இருந்தது.

அந்தப் பட்டியலை ஓர் அட்டையில் எழுதி வகுப்பறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். கேள்வி கேட்ட மாணவி இப்போது பி.காம். படிக்கிறாள்; மாலையில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் ரசீதுகளைப் பதிவு செய்யும் வேலை. தனக்குக் கொடுப்பதை வந்து சொன்னாள். அட்டையில் அவளுக்கென்று ஒரு வரி சேர்த்தோம். ஐந்தாம் வருடம், பதினைந்தாம் வருடம் என்ற இரண்டு கட்டமும் அந்த வரியில் காலியாக இருக்கின்றன. அதை நிரப்பும் எண் எங்களிடம் இல்லை, நீங்கள்தான் தர வேண்டும்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர்,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி,
திருப்பூர் மாவட்டம்